சாட்சி சொன்னவருக்குத் தலைசுற்றல்

அந்தச் சனிக்கிழமை காலை நான் சமையலறைக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கைகளாலும் இறுக்கி, கன்னத்தைக் கதவில் ஒட்டவைத்து, கண்ணை மூடியபடி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னைக்கூட அவர் அப்படிப் பிடித்ததில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"பால் எடுக்க வந்தேன்."

"பால் உள்ள இருக்கு. நீங்க வெளியில பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"லேசா அசதிம்மா. வேற ஒண்ணுமில்ல."

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை செய்கிறவள். எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்லுவார்கள். கடைசி வரி தெரியாவிட்டாலும், முன்னால் போனவர் படித்ததைக் காதில் வாங்கி வைத்திருந்து ஒப்பிப்பார்கள். கண்ணாடி போட்டுவிட்டால் வயசாகிவிடும் என்று பயம். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. என் வீட்டுக்காரரா என்னிடம் தப்பப் போகிறார்?

"கண்ணைத் திறங்க" என்றேன்.

திறந்தார். இரண்டு கருவிழிகளும் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நகர்ந்தன. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பங்களை எண்ணுகிறவரின் கண் அப்படி ஓடும். என் மனிதர் நின்றுகொண்டிருந்ததோ அசையாத சமையலறையில்.

தலைசுற்றல் திரும்பிவிட்டது. வராது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த தலைசுற்றல்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாமெல்லாம் லிஃப்டுக்குள் நின்று மேலே போவோம், அவர் அந்தக் கூண்டின் கூரைமேல் நின்று போவார். சுற்றிலும் சுவர், பக்கத்தில் எண்ணெய் பூசிய இரும்புத் தண்டவாளம், கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் விழக்கூடிய இடைவெளி. அந்த இருட்டுக் கிணற்றுக்கு அவர்கள் ஷாஃப்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்தாவது மாடி உயரத்தில் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் ஸ்பேனருமாக நிற்பது அவருக்கு வீட்டு வராந்தாவில் நிற்பது மாதிரி. எனக்கு நாற்காலிமேல் ஏறினாலே கால் உதறும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது காதில் இரைச்சல் ஆரம்பித்தது. பிறகு சுற்றல். சும்மா கிறுகிறுப்பு இல்லை, தரையே கவிழ்ந்துகொள்ளும். மணிக்கணக்காக வாந்தி. உள்காதில் நீர் கூடி அழுத்துகிறது என்றார் காது டாக்டர். உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார். "இது வரும், போகும். சிலருக்கு ரொம்ப நாள் வராமலே இருக்கும். ஆனா போயே போச்சுன்னு மட்டும் சொல்ல முடியாது" என்றார்.

அலுவலகத்தில் அவரை ஷாஃப்ட்டிலிருந்து இறக்கி ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். உயரத்திலேயே இருந்த மனிதர் அங்கே போல்ட்டும் நட்டும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் உப்பில்லாத சூப்பைக் கொண்டுவந்து வைத்தால் அந்த முகம் இன்னும் கொஞ்சம் நீளும்.

எங்கள் சபை விடாமல் ஜெபித்தது. டயர் கடைக்கு மேலே வாடகை ஹாலில் கூடுகிற சின்னச் சபை. ரப்பர் வாசனைக்கு நடுவில் பாடிப் பாடி எங்களுக்குப் பழகிவிட்டது. ஜெபித்தோம், சுற்றல் நின்றது. ஒரு மாதம் போனது, இரண்டு போனது, மூன்றும் போனது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், இவர் மறுபடி ஷாஃப்ட்டுக்குப் போனார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. கிடைத்த அத்தனை நாளும் அவர் கொடுத்ததுதான்.

ஆனால் இவர் சபையில் எழுந்து, ஆண்டவர் தனக்குச் சுகம் கொடுத்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்னார். வீட்டில் சட்னிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்கு மைக்கைப் பிடித்தார், விடவில்லை. "வேரோட பிடுங்கிட்டார். இனி என் வாழ்நாள்ல இது வராது" என்றார். டாக்டர் சொன்ன 'வரும், போகும்' என்பதில் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டார். சபையே கைதட்டியது. நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைக் குப்பையில் போட்டார். உப்பு டப்பாவை எடுத்துத் தட்டில் தாராளமாகக் கொட்டிக்கொண்டார், பிரகடனம் வாசிக்கிற மாதிரி. அவர் பேசியதை யாரோ போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். 'சாட்சி பிரதர்' என்று பெயரே வந்துவிட்டது. எங்கள் சபையில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். துணிகளுக்கு ஓரம் மடித்து, ஜிப் மாற்றித் தருகிறவர். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோலைப் பிடிக்கவே முடியாமல் கஷ்டப்பட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இவர், "எனக்குச் செஞ்சவர் உங்களுக்கும் செய்வாருக்கா, விசுவாசிங்க" என்பார். அக்கா தலையாட்டிவிட்டுப் போவார்.

இப்போது அந்தச் சாட்சி பிரதர் ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மெல்லப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"எத்தனை நாளா?"

மென்று விழுங்கினார். "ஒரு மாசமா. அப்பப்போ."

"ஷாஃப்ட்டுக்குள்ள வந்துச்சா?"

"ஒரே ஒரு தடவை. கூண்டு மேல அப்படியே உட்கார்ந்துட்டேன். கேபிளைப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல சரியாப் போச்சு."

"எந்த மாடி?"

"பதினொண்ணு."

பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பயம் வந்தால் அது வாய்வழியே கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு அவரை வெளுத்து வாங்கினேன். திங்கட்கிழமை ஆபீசில் சொல்லியே ஆகவேண்டும் என்றேன்.

"எப்படிச் சொல்றது? மேனேஜர்கிட்டயும் சாட்சி சொல்லியிருக்கேன். இப்போ போய் திரும்ப வந்துடுச்சுன்னா என்ன நினைப்பாரு?"

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு நினைப்பாரு."

"ஆண்டவரைப் பத்தி என்ன நினைப்பாரு? சபையில என்ன நினைப்பாங்க? அந்தத் தையல்கார அக்கா என் சாட்சியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடுறாங்க. அதை நானே பிடுங்கவா? ஆண்டவருக்கு அவமானம் வர்றதுக்கு நான் காரணமா இருக்கமாட்டேன்."

"ஆண்டவருக்கு வக்கீல் வேலை பாக்கச் சொல்லி உங்களை யார் வெச்சாங்க?"

அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "திங்கட்கிழமை வழக்கம்போல போவேன். விசுவாசத்தோட போனா ஒண்ணும் ஆகாது. அப்படியே விழுந்தாலும் சொன்ன வார்த்தையோட விழுந்துட்டுப் போறேன்."

இந்த மாதிரி ஆளை என்ன செய்வது? பொய் பேசத் தெரியாத மனிதர், ஆண்டவருக்காகப் பொய் பேசப் பழகிக்கொண்டிருந்தார். திருடனாக இருந்தால் போலீசிடம் சொல்லலாம். பக்திமானாக இருந்தால் யாரிடம் சொல்வது? "திங்கட்கிழமை நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி நான் உங்க ஆபீஸ் வாசல்ல நிப்பேன்" என்றேன். "நீ என்னைச் சபையில தலைகுனிய வெக்கிறே" என்றார். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ஆண்டவரிடம் சண்டை போட்டேன். அவருக்குச் சுகம் கொடுத்தீர், சரி. கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் அந்த வாரத்தில் நான் மனதாரப் பேசியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள். புதியவர்களைப் பார்த்தால் எங்கள் போதகருக்கு உற்சாகம் பொங்கும். இரண்டாவது பாட்டு முடிந்ததுமே, "நம்ம சாட்சி பிரதர் வந்து, கர்த்தர் தனக்குச் செஞ்சதைச் சொல்லட்டும்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். எழுந்து போனார்.

மேடை என்று பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று மரப்படி. முதல் படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது படியில் தடுமாறினார். மேலே போய் மைக்கை வாங்கினார், வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. ஒரு கையை மெல்ல உயர்த்தினார். பிடித்துக்கொள்ளச் சுவர் தேடிய கை அது. சபையோ அவர் ஆராதிக்கிறார் என்று நினைத்தது. முன்வரிசை முழுக்கக் கை உயர்ந்தது. பிறகு அடுத்த வரிசை. அவர் இடது பக்கம் சாய்ந்தார், அவர்களும் சாய்ந்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் சமயம் பார்த்து வேகத்தைக் கூட்டினார்.

அவர் முழங்கால் மடங்கித் தரையில் சரிந்தார். "அல்லேலூயா" என்று ஹால் அதிர்ந்தது. போதகர் ஓடிவந்து இவர் தலைமேல் கைவைத்தார். எங்கள் போதகர் நல்ல மனிதர், ஆனால் ஜெபிக்கும்போது பிடித்த தலையை உலுக்குவார். தலைசுற்றுகிறவனின் தலையை உலுக்குவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவர் முகம் வெளிறிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். மேடையோரம் இருந்த பெரிய பூச்சாடியை எடுத்து, பூவைத் தண்ணீரோடு கவிழ்த்துவிட்டு, சாடியை அவர் வாயருகே பிடித்தேன். ஒரு நொடி பிந்தியிருந்தால் போதகரின் புது ஷூவுக்கு ஆபத்து.

டிரம்ஸ் நின்றது. பாட்டு இரண்டு மூன்று குரலாகத் தேய்ந்து அதுவும் நின்றது. இவர் வாந்தியெடுக்கிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது, மைக் இன்னும் அவர் கையிலேயே இருந்ததால்.

அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலையை என் மடிமேல் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு என்னிடம்தான் பேசினார். மைக் அதையும் விட்டுவைக்கவில்லை.

"சொல்லிடு. எல்லாருக்கும் சொல்லிடு. எனக்குச் சுகமாகல. ஒரு மாசமா மறைச்சுக்கிட்டிருக்கேன். ஷாஃப்ட்டுக்குள்ள ஒவ்வொரு நாளும் பயந்து சாகறேன். அவருக்கு அவமானம் வரக்கூடாதேன்னுதான்."

கீழே கடையில் யாரோ டயரை உருட்டிக்கொண்டு போன சத்தம் மேலேவரை கேட்டது. போதகர் திருதிருவென்று விழித்தார். இந்த மாதிரி நேரத்தில் என்ன பாட்டு பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவர் நெற்றியில் வேர்த்திருந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தேன், காய்ந்த பிறகும்.

அப்போது தையல்கார அக்கா எழுந்து வந்தார். படியேறுவதே அவருக்குச் சிரமம். மேலே வந்து, வீங்கிய கையைத் தரையில் ஊன்ற முடியாமல், முழங்கையை ஊன்றி, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் அக்காவின் குரலைக் கேட்டதுமே அழ ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, உங்களை ஏமாத்திட்டேன்."

"அது கிடக்கட்டும் தம்பி. நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க சுகமாயிட்டேன்னு எழுந்து நின்னு சொன்னீங்கல்ல, அன்னையிலிருந்து எனக்கு வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல. யாராவது கேட்டா, இப்போ பரவால்லன்னு சொல்லிடுவேன். ஒரே ஜெபம்தானே, உங்களுக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கலன்னா கோளாறு என்கிட்டதான் இருக்கணும்னு நினைச்சேன். விரலை வெந்நீர்ல வெச்சுக்கிட்டு, என்ன பாவம் பண்ணேன்னு தேடிக்கிட்டிருப்பேன்."

இவர் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்க்க முயன்றார். சுற்றல் விடவில்லை, மறுபடி மூடிக்கொண்டார்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது தம்பி. ரொம்ப வலிக்குது." அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "இப்படி ஒருத்தர் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கு ஊன்றுகோல் கொடுத்தோம் என்று இவர் இத்தனை நாள் நினைத்திருந்தாரோ, அந்த அக்காவின் வாயைத்தான் இவர் சாட்சி அடைத்து வைத்திருந்தது. அக்காவின் நம்பிக்கையைக் குலைக்கக்கூடாது என்று இவரும், கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்து அக்காவும், ஒரே ஹாலில் ஒரு மாசமாக எதிரெதிரே நின்று 'நல்லாயிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

போதகர் எங்கள் பக்கத்தில் மண்டியிட்டார். தலையைத் தொடக் கை நீட்டியவர், என் பார்வையைக் கண்டு கையை எடுத்துக்கொண்டார். அவர் ஜெபிக்கத் தொடங்கினால் பின்னால் ஃபிளாஸ்கில் இருக்கிற டீ ஆறிவிடும். அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "ஆண்டவரே, கல்லறையிலிருந்து உயிரோட எழுந்து வந்தப்பவும் நீர் கையில ஆணித் தழும்போடதான் வந்தீர், எங்களையும் இப்படியே ஏத்துக்கும்." ஆமென் என்று சொல்லவும் மறந்துவிட்டார். சபைதான் சொன்னது.

திங்கட்கிழமை நான் ஆபீஸ் வாசலில் நிற்கவேண்டிய அவசியம் வரவில்லை. இவரே மேனேஜருக்குப் போன் செய்தார். மாத்திரை மறுபடி வாங்கினோம். வீட்டில் சூப்பு பழையபடி சப்பென்று ஆனது, அவரும் பழையபடி முகத்தை நீட்டினார். சுகமானால் நன்றாக இருக்கும் என்று இன்றைக்கும் ஜெபிக்கிறோம். அதை விட்டுவிடவில்லை. கேட்கும்போது மட்டும் முன்னைப்போல் தேதி குறித்துக் கேட்பதில்லை. சில நாள் நம்பிக்கை இருக்கிறது. இல்லாத நாளில் தையல்கார அக்காவுக்குப் போன் போடுவார். இரண்டு பேரும் காதையும் விரலையும் பற்றி அரைமணி நேரம் புலம்பிவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிப் போனை வைப்பார்கள். நடுவில் சிரிப்புச் சத்தமும் கேட்கும்.

அலுவலகத்தில் அவரை இந்தமுறை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பவில்லை. போன் அறைக்கு அனுப்பினார்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்துவார்களே, அந்த அழைப்பெல்லாம் அங்கேதான் வரும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருக்கவேண்டும். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதரை அங்கே போட்டிருக்கிறார்களே, யாருக்கு இந்த யோசனை வந்தது என்று நான் சிரித்தேன்.

போன வாரம் என் கடைக்கு அரைநாள் விடுமுறை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. வலது காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்ணின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"லைட்டு அணைஞ்சிடுச்சுங்க. ஒண்ணுமே தெரியல."

"புரியுதும்மா. தரையில உட்காருங்க. முதுகைச் சுவர்ல சாய்ச்சுக்கோங்க. கூண்டு கீழ விழாது, அதுக்கு நான் உறுதி சொல்றேன். அந்தக் கேபிளையெல்லாம் நான் கையால தொட்டுப் பாத்திருக்கேன்."

"எப்போ திறப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இன்னும் பத்து நிமிஷம், இதோ வந்துவிட்டார்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பழைய மனிதராக இருந்தால் சொல்லியிருப்பார்.

"ஆள் கிளம்பிட்டாங்க. வர்ற வழியில நெரிசல். எப்போ வந்து சேருவாங்கன்னு தெரியாம சொன்னா அது பொய்யாயிடும். ஆனா வந்துக்கிட்டிருக்காங்க, அது நிஜம்."

"எனக்கு மூச்சு முட்டுதுங்க."

"மெதுவா விடுங்க. நானும் விடறேன், கேளுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு. கால் இரண்டையும் அகட்டித் தரையில் ஊன்றியிருந்தார். அவருக்கு அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் ஒரு ஆட்டமும் இல்லை.

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் தோளில் கை வைத்தேன். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சுற்றல் கூடும், தெரியும். என் கையோடு தலையைச் சாய்த்துக்கொண்டார். பேச்சு நின்ற அந்த ஒரு நொடியில் ஸ்பீக்கரில் அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார். "கதவு திறக்கிற வரைக்கும் இருப்பேன்."